எட்டுக்கு ஒன்று: டெர்பிஷயரில் மூன்று நாள் சைக்கிள்

முதல் நாள்: குரோம்ஃபோர்டிலிருந்து ஹார்டிங்டன்

"மேடே கிடையாது மச்சான். எல்லாம் பழைய ரயில் பாதை. ரயில் ஏறிய வழியில் சைக்கிள் ஏறாதா?" என்று சொல்லித்தான் மாப்பிள்ளை என்னைக் கிளப்பினார். மனைவியின் தம்பி. இங்கிலாந்தில் டெர்பி நகரில் இருக்கிறார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், எடையில் இருபது கிலோ இளையவர். நான் லெஸ்டரில் காலை ரயிலில் சைக்கிளை ஏற்றி, டெர்பியில் அவரையும் சேர்த்துக்கொண்டு, மேட்லாக் போகும் சின்ன ரயிலில் குரோம்ஃபோர்டு வந்து இறங்கியபோது மணி பத்தரை. மே மாதம். வெயில் இருந்தது, ஆனால் நம்பும்படியான வெயில் அல்ல.

நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே, எந்திர நூற்புக்கு வழிபோட்ட ஆர்க்ரைட்டின் பஞ்சாலை. நின்று பார்க்க எனக்கு ஆசை. என் அப்பா கோவையில் முப்பத்து நான்கு வருடம் ஸ்பின்னிங் மில்லில் சைடு, அதாவது நூற்கும் எந்திர வரிசை, பார்த்தவர். மில் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கட்டடம் ஒருவகையில் குலதெய்வக் கோயில். "திரும்பி வரும்போது பார்க்கலாம் மச்சான், மழைக்கு முன் மேலே ஏறிவிடுவோம்" என்றார் மாப்பிள்ளை. மேடே கிடையாது என்றவர் வாயில் 'மேலே' எப்படி வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கால்வாய்க் கரையில் ஒன்றரை கிலோமீட்டர் சுகமாகப் போனோம். அதன் பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1831-ல் முழுதாகத் திறக்கப்பட்ட குரோம்ஃபோர்டு - ஹைபீக் ரயில்வே, மலையின் இரு பக்கமும் இருந்த இரண்டு கால்வாய்களை இணைக்கப் போட்ட 33 மைல் பாதை. பொறியாளர் ஜோசயாஸ் ஜெசப், பேர்பெற்ற கால்வாய்ப் பொறியாளர் ஒருவரின் மகன். கால்வாய் வெட்டிப் பழகிய கை ரயில் பாதை போட்டால் எப்படிப் போடும்? கால்வாயைப் போலவே போட்டது. நீண்ட தூரம் சமதளம், பிறகு மடை வைத்து உயர்த்துவதுபோல் திடீரென ஒரு செங்குத்துச் சரிவு, மறுபடி சமதளம். அந்தச் சரிவுகளில் மேலே நீராவி எந்திரத்தை நிறுத்திக் கயிறு கட்டித்தான் வண்டிகளை இழுத்தார்கள். ரயில் ஏறியது உண்மை. கயிற்று விஷயத்தை மாப்பிள்ளை சொல்லவில்லை.

முதல் சரிவின் பெயர் ஷீப் பாஸ்சர். எட்டடி நகர்ந்தால் ஓரடி உயரம், இப்படி ஒரு கிலோமீட்டருக்கு மேல். நான் நாற்பது மீட்டர் மிதித்திருப்பேன். கியர் எல்லாம் தீர்ந்தது, மூச்சும் தீர்ந்தது, இறங்கினேன். பைகள் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறியவர்களுக்கு ஒன்று தெரியும்: பெடல் சும்மா இருக்காது, நாலு எட்டுக்கு ஒருமுறை கெண்டைக்காலைத் தேடி வந்து இடிக்கும். வழியில் பாதையோரம் ஒரு பள்ளம். கயிறு அறுந்து வண்டி தறிகெட்டு இறங்கினால் அதில் விழட்டும் என்று தோண்டியது. அப்படி விழுந்த ஒரு வண்டி இன்னும் அதற்குள் நொறுங்கிக் கிடக்கிறது. என் சைக்கிளின் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

மேலே ஏறிவிட்டோம் என்று உட்கார்ந்தால், அடுத்தது மிடில்டன் சரிவு. அதுவும் ஏறக்குறைய எட்டுக்கு ஒன்றுதான். அதன் உச்சியில் 1829-ல் செய்த எந்திரம் அதன் கட்டடத்திலேயே இருக்கிறது. 1963 வரை வண்டி இழுத்ததாம். நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வேலை, ஒரே இடம். அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டீ குடித்தேன். மாப்பிள்ளை முழுவதும் மிதித்தே ஏறியிருந்தார். "தள்ளினாலும் போய்ச் சேர்வது அதே இடம்தானே மச்சான்" என்று ஆறுதல் வேறு.

ஹாப்டன் என்ற மூன்றாவது மேடு பதினாலுக்கு ஒன்று. பாதி மிதித்தேன், பாதி தள்ளினேன். அதோடு சரி. பிறகு இருபது கிலோமீட்டருக்கு அந்த மனிதர் ஜெசப் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மலை மேலே போகிறோம், ஆனால் கால் அதை உணரவே இல்லை. பாதை குன்றுகளின் இடுப்பைச் சுற்றிச் சுற்றியே போகிறது. கோத்தம் என்ற இடத்தில் 55 கஜ ஆரத்தில் கிட்டத்தட்ட செங்கோணமாக வளைகிறது. ரயில் எப்படித் திரும்பியிருக்கும் என்று சைக்கிளில் திரும்பும்போதே சந்தேகம் வருகிறது.

இரு பக்கமும் கல் சுவர். சுண்ணாம்புக் கல்லை அடுக்கியதுதான். காரை, சிமெண்ட், மண் எதுவும் கிடையாது. ஓரிடத்தில் இறங்கி உற்றுப் பார்த்தேன். இரண்டு சுவர்களை ஒன்றையொன்று சாய்த்து எழுப்பி, நடுவில் சில்லுக் கல்லைக் கொட்டி, நடுநடுவே இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ள நீளக் கல் செருகி, உச்சியில் செங்குத்தாகக் கல் நட்டிருக்கிறார்கள். காங்கேயம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்துக்குக் கிளுவை வேலி போல, கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிய வேலி. அங்கே முள், இங்கே கல். வேலிக்குள் அங்கே மாடு, இங்கே ஆடு. குட்டிகள் தாயின் மடியை முட்டி முட்டிப் பால் குடிக்கும்போது வாலைச் சுழற்றும் வேகம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

ஹார்டிங்டனில் ஒரு குளம், குளத்தில் வாத்து, எதிரே பாலாடைக்கட்டிக் கடை. கடைக்கார அம்மா என்னை "டக்" என்று கூப்பிட்டார். வாத்துக் குளத்துக்கு முன்னால் வைத்து ஒருவர் நம்மை வாத்து என்றால் என்ன நினைப்பது? டெர்பிஷயரில் முன்பின் தெரியாதவரையும் அப்படித்தான் அழைப்பார்களாம். எங்கள் ஊரில் எழுபது வயதுப் பாட்டி பஸ் கண்டக்டரைக்கூட "கண்ணு" என்பதில்லையா, அதேதான். கண்ணு என்றதும் விலை குறையும் என்று எதிர்பார்த்தேன், குறையவில்லை. ஸ்டில்டன் வாங்கினோம். அதை டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டுமே செய்யலாம் என்பது சட்டம். ஸ்டில்டன் என்கிற ஊரோ கேம்பிரிட்ஜ்ஷயரில் இருக்கிறது. ஆகவே அங்கே செய்ய அனுமதி இல்லை.

முழங்கால் துடிக்கிறது. தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள்: ஹார்டிங்டனிலிருந்து ஈம்

காலையிலிருந்து தூறல். பாதையின் வெள்ளைப் பொடி நனைந்து குழம்பாகிச் சக்கரத்திலிருந்து தெறித்து, முதுகில் சுண்ணாம்பு அடித்துவிட்டது.

ஆர்பர் லோ என்ற மேட்டுக்கு ஒரு பண்ணை வழியாகப் போக வேண்டும். வாசலில் உள்ள டப்பாவில் காசு போட்டுவிட்டுப் போகலாம், கேட்க ஆள் இல்லை. ஐம்பது சுண்ணாம்புப் பலகைகள் வட்டமாக, அத்தனையும் படுத்துக் கிடக்கின்றன. சுற்றிலும் அகழி, கரை. நாலாயிரம் வருடத்துக்கும் முந்தையது. நாங்கள் இருவரும் ஐந்து நிமிடம் மழையில் நின்றோம். மாப்பிள்ளை தொப்பியை எடுத்துவிட்டார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

பேக்வெல் ஊருக்கு நீண்ட இறக்கம். அங்கே எல்லோரும் தின்பது ஒரு புட்டிங். அடியில் மாவு, மேலே ஜாம், அதற்கு மேல் முட்டையும் பாதாமும் கலந்த பதம். சமையற்காரி ஒருத்தி தவறுதலாகச் செய்து பிறந்தது என்று கதை. அசல் எங்களுடையதுதான் என்று ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் சொல்லிக்கொள்கின்றன. "எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை" என்ற பலகை மட்டும்தான் குறை. ஒவ்வொன்றிலும் வாங்கித் தின்று தீர்ப்புச் சொல்லலாம் என்றார் மாப்பிள்ளை. ஒன்றே போதும், அவ்வளவு இனிப்பு.

பிறகு மான்சல் பாதை. இதுவும் பழைய ரயில் பாதை, ஆனால் நேற்றையதைப் போலக் கிறுக்கு இல்லை. எட்டரை மைல். 1968-ல் ரயில் நின்றது. குகைகள் நாற்பது வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்து, 2011-ல்தான் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்தன. ஹெட்ஸ்டோன் குகை அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே விளக்கு உண்டு, ஆனால் குளிர் திடீரென்று கழுத்தைப் பிடிக்கிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர், பழைய நீராவிக் கரி படிந்த சுவர். மணி அடித்தேன். எதிரொலி எனக்கு முன்னால் போய்விட்டது.

குகை முடியும் இடத்தில் சட்டென்று வெளிச்சம், காலுக்குக் கீழே பாலம், அதற்கும் கீழே வை நதி. 1863-ல் கட்டிய ஐந்து வளைவுப் பாலம். இந்த ரயில் பாதையைப் பற்றிப் பின்னாளில் எழுத்தாளர் ரஸ்கின் வெகுண்டு எழுதினார்: தெய்வங்கள் நடமாடிய பள்ளத்தாக்கைக் கெடுத்தார்கள், எதற்கு, பக்ஸ்டனில் இருக்கும் முட்டாள் அரை மணியில் பேக்வெல் போகவும், பேக்வெல் முட்டாள் பக்ஸ்டன் போகவும்தானே என்று. இன்று எல்லோரும் அந்தப் பாலத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். பேக்வெல்லில் புட்டிங் தின்றுவிட்டு வந்த முட்டாள் என்ற முறையில் எனக்கு அதில் உரிமை உண்டு.

அதே பள்ளத்தாக்கில் ஆற்றோரம் பழைய பஞ்சாலைகள். லிட்டன் ஆலைக்கு லண்டன் ஏழையர் விடுதிகளிலிருந்து குழந்தைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள், அடித்து உதைத்து. இப்போது அது வீடுகள். ஜன்னல்களில் பூத்தொட்டி. அங்கிருந்து லிட்டன் ஊருக்கு ஏறும் சாலையில் பேச்சில்லாமல் தள்ளினேன்.

ஃபூலோ ஊர் வருவதற்கு முன் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. வேலி வெட்டிய முள்ளாக இருக்கும் என்று டயரின் உட்புறத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் அகப்படவில்லை. காற்றடித்துக் காதில் வைத்துக் கேட்டால் மழைச் சத்தம்தான். ஊர் நடுவே ஒரு குளம் இருந்தது. மாப்பிள்ளையிடம் "பிடியுங்கள்" என்று சைக்கிளைக் கொடுத்துவிட்டு, குளக்கரையில் குந்தி உட்கார்ந்து, டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் அமுக்கி நகர்த்தினேன். சிங்காநல்லூர் சைக்கிள் கடையில், சட்டி நிறையக் கறுத்த தண்ணீரில் அண்ணன் டியூபை உருட்டுவதைப் பார்த்து நின்ற அதே குந்தல். கால் பங்கு தாண்டியதும் ஊசி முனை அளவு குமிழ்கள் சரம் கோத்து எழுந்தன. விரலால் மூடினேன், நின்றது. எடுத்தேன், வந்தது. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயும்வரை ஊதி, ஒட்டைப் போட்டு, ஒரு கல்லால் தட்டினேன். குளத்து வாத்துகள் கூட்டமாக வந்து பார்த்தன. நாயுடன் வந்த பெரியவர் ஒருவர் முழுவதையும் நின்று கவனித்து, குளத்தில் இப்படிச் செய்து பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தப் பயணத்தில் இதுவரை மாப்பிள்ளை என்னை மரியாதையாகப் பார்த்த ஒரே தருணம் இது.

தங்கிய விடுதியின் பெயர் வேண்டாம். சைக்கிளுக்குக் கொட்டகை உண்டு என்று போட்டிருந்தார்கள். கொட்டகை என்றது குப்பைத் தொட்டிகளுக்கு மேல் போட்ட தகரம். சைக்கிளைப் பூட்டிவிட்டு வந்து ஈரக் காலுறையை ஹீட்டரில் போட்டுவிட்டு எழுதுகிறேன். அறை முழுக்க ஸ்டில்டன் வாசனையா, காலுறை வாசனையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள்: ஈமிலிருந்து குரோம்ஃபோர்டு

ஊர்ப் பெயரை எழுதுவதைப் பார்த்தால் ஏயம் என்று படிக்கத் தோன்றும். உள்ளூரார் ஈம் என்கிறார்கள். காலையில் மழை விட்டிருந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், பால் வண்டி, ரோஜாக்கொடி ஏறிய வீடுகள். சில வீடுகளின் முன்னால் ஒரு பலகை: இந்த வீட்டில் இன்னார், இன்னார், இன்னார் இறந்தனர்.

1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்குத் துணி மூட்டை வந்தது. துணி ஈரமாக இருந்தது, அடுப்பருகே விரித்துக் காய வைத்தார்கள். துணியில் தெள்ளுப்பூச்சி, பூச்சியில் பிளேக். விரித்தவர் ஜார்ஜ் விக்கர்ஸ், ஒரு வாரத்தில் இறந்தார். அடுத்த கோடையில் ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது. இளம் பாதிரியார் மாம்பெசனும், பதவி பறிக்கப்பட்டிருந்த பழைய பாதிரியார் ஸ்டான்லியும் சேர்ந்து சொன்னதை மக்கள் ஏற்றார்கள்: யாரும் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை, நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோவதில்லை. 1666 நவம்பரில் நோய் ஓய்ந்தபோது இறந்தவர்கள் 260 பேர். மாம்பெசனின் மனைவி கேத்தரின் அதில் ஒருவர். தேவாலயத்து மண்ணில் அவர் கல்லறை இருக்கிறது.

சைக்கிளை ஊரில் விட்டுவிட்டு எல்லைக் கல்வரை வயல் வழியே நடந்தோம். இடுப்புக்கும் கீழே ஒரு பாறை. மேலே ஆறு குழிகள். அதில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள், பக்கத்து ஊரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். குழியில் விரலை விட்டுப் பார்த்தேன். முதல் கணு வரை போனது. நேற்றைய மழைநீர், ஒரு புளியங்கொட்டை அளவு கூழாங்கல், யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு பென்னி.

ஊருக்குக் கிழக்கே ரைலி கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்த இடம். வட்டமாக ஒரு தாழ்ந்த கல் சுவர், நடுவில் அவ்வளவே கற்கள். சுற்றிலும் ஆடு மேய்கிறது. அங்கே நாங்கள் உட்காரவில்லை.

திரும்பி நடக்கும்போது மாப்பிள்ளை கேட்டார், "கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறதே மச்சான், அதுவும் இதுதானா?" இதுதான். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையில் பிளேக் வந்தபோது சனங்கள் ஊரைவிட்டு வெளியே போய்க் குடிசை போட்டார்கள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கே உள்ளேயே இருந்துகொண்டார்கள். நாங்கள் நோயின் பெயரையே அம்மனுக்கு வைத்துப் பொங்கல் வைத்தோம். இவர்கள் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை வைத்தார்கள்.

மதியத்துக்கு மேல் முழுக்க இறக்கம். டெர்வென்ட் ஆறு போகும் வழியே நாங்களும் போனோம். கால்வர், பேஸ்லோ, பிறகு சாட்ஸ்வொர்த் மாளிகைப் பூங்காவின் நடுவே போகும் சாலை. ஆடுகள் சாலையில் படுத்து அசைபோட, கார்கள் காத்து நின்றன. அங்கே ஈடன்சர் என்று ஒரு ஊர். மாளிகையிலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்துகிறது என்று பழைய ஊரை அகற்றி, 1840-ஐ ஒட்டிய வருடங்களில் தள்ளிக் கட்டினார்கள். வீடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. அழகுதான். ஊரைத் தூக்கி நகர்த்தும் அளவு பணம் இருந்தால் அழகு வரத்தான் செய்யும்.

ரோஸ்லி, மேட்லாக், மோட்டார் சைக்கிள்காரர்களும் மீன் வறுவலும் நிறைந்த மேட்லாக் பாத், எல்லாம் வேகமாகக் கடந்தன. நாலு மணிக்குள் குரோம்ஃபோர்டு.

இப்போது மில்லைப் பார்த்தேன். சாலையைப் பார்த்த பக்கத்தில் கீழ்த்தளத்தில் ஜன்னலே கிடையாது, கோட்டை மாதிரி. எந்திரத்தை உடைக்க வருவார்கள் என்ற பயம். ஆர்க்ரைட் தையற்காரர் மகன், சவரத் தொழிலாளி, பொய்முடி வியாபாரி. 1771-ல் இங்கே வந்து தண்ணீரால் வெற்றிகரமாக ஓடிய உலகத்தின் முதல் பருத்தி நூற்பாலையைக் கட்டினார். எந்தத் தண்ணீர்? ஓர் ஓடை, கூடவே ஈயச் சுரங்கத்திலிருந்து வடியும் வெதுவெதுப்பான நீர். குளிர்காலத்திலும் உறையாது, ஆகவே எந்திரம் நிற்காது. கோவையில் பைக்காரா மின்சாரம் 1930களில் மலையிலிருந்து இறங்கிய பிறகு மில்கள் பெருகியதை நினைத்தேன். அதுவும் தண்ணீர் தந்ததுதான். பஞ்சை ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழலும் உருளை ஜோடிகளுக்கு நடுவே விட்டு இழுத்து மெலிதாக்கி முறுக்குவது ஆர்க்ரைட் எந்திரத்தின் சூட்சுமம். அப்பா நின்ற ஃபிரேமிலும் அதே உருளைகள். அறுந்த நூலை அவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நீவி ஒட்டுவது, நான் பள்ளி விட்டு மில் கேட்டில் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கும் நாளில் வீட்டில் செய்து காட்டிய வித்தை. இந்த எந்திரம் வரும்வரை முழுப் பருத்தித் துணிக்கு இங்கிலாந்து பெரும்பாலும் நம் பக்கத்தையே நம்பியிருந்தது. வந்த பிறகு நம் பக்கத்தில் ராட்டைகள் நின்றன. அந்த எந்திரமே பிறகு கோவைக்கு வந்து எங்களுக்குச் சோறு போட்டது. இதில் யாரைக் கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ரயிலுக்கு அரை மணி இருந்தது. அப்பாவை வீடியோவில் அழைத்தேன். அங்கே இரவு ஒன்பதரை, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் இருந்தார். எண்பத்தோரு வயது. கட்டடத்தைக் காட்டினேன், தண்ணீர் ஓடும் வாய்க்காலைக் காட்டினேன்.

"எத்தனை ஷிப்ட்?" என்றார்.

"இரண்டு. பன்னிரண்டு மணி நேரம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும்."

"எங்களுக்கு மூன்று." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் கிட்டே போ. அந்த ஜன்னலைக் காட்டு. இல்லை, மேலே." காட்டினேன். "திறக்கிற ஜன்னலாகத் தெரியவில்லையே. பஞ்சுத் தூசி எப்படி வெளியே போகும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். மாப்பிள்ளை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கை காட்டினார்.